விசில் அடிக்காத குக்கர்

உஷ்! சத்தம் போடாமல் உள்ளே வாருங்கள். செருப்பு வாசலிலேயே இருக்கட்டும். அடுப்பிலிருந்து மூன்றடி தள்ளித் தரையில் கோலமாவால் ஒரு கோடு இழுத்திருக்கிறது பாருங்கள், அதைப் பிள்ளைகள் தாண்டக் கூடாது. லட்சுமணன் போட்ட கோட்டைவிடக் கடுமையான கோடு இது. போட்டவள் என் அம்மா.

தூத்துக்குடியில் அம்மா வீட்டு அடுக்களை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணி. ஃபிரிட்ஜுக்கும் அரிசி டிரம்முக்கும் நடுவிலிருக்கிற சந்தில் ஒரு முக்காலியைப் போட்டு நான் பதுங்கியிருக்கிறேன். எதிரே தரையில் பழைய பேப்பர் விரித்து, இடுப்பில் ஆளுக்கொரு ஈரிழைத் துண்டைச் சுற்றிக்கொண்டு என் அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவளுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. சின்னவனுக்கு அடுத்த மாதம்தான் ஐந்து முடிகிறது. இன்று இவர்கள் கேக் செய்கிறார்கள். அடுத்த வீட்டுப் பிள்ளைகள் செய்த கேக்கை எத்தனையோ முறை போனில் பார்த்து ஹார்ட் போட்டிருப்பீர்கள். அந்தப் போட்டோவுக்கு முந்தைய இரண்டு மணி நேரத்தை யாராவது காட்டியதுண்டா? இதோ, பார்க்கப் போகிறோம். எனக்கு இப்போதே சிரிப்பை அடக்க முடியவில்லை.

எனக்கு அனுமதி கிடைத்தது ஒரே நிபந்தனையின் பேரில். "பாக்கணும்னா பாரு. ஆனா கையைக் கட்டிக்கிட்டு இருக்கணும்" என்றாள் அம்மா. ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "வாயையும்" என்றாள்.

சுவரில் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறது: மைதா ஒன்றரை கப், கெட்டித் தயிர் ஒரு கப், சீனி முக்கால் கப், எண்ணெய் அரை கப், பேக்கிங் பவுடர் ஒன்றேகால் டீஸ்பூன், சமையல் சோடா அரை டீஸ்பூன், வெனிலா எசென்ஸ் கொஞ்சம். முட்டை கிடையாது. முட்டை ஏன் கிடையாது என்பதற்கு ஒரு கதை இருக்கிறது, பிறகு சொல்கிறேன். இப்போது முதல் முட்டுக்கட்டையைப் பாருங்கள். அளவுக் கப் செட்டில் ஒன்று இருக்கிறது, அரை இருக்கிறது, கால் இருக்கிறது. முக்கால் இல்லை!

மூத்தவள் மூன்று கப்பையும் கவிழ்த்து நிமிர்த்திப் பார்க்கிறாள். என் நாக்கு நுனியில் பதில் துடிக்கிறது. அம்மா என்னைப் பார்க்கிறாள். நான் டிரம்மைப் பார்க்கிறேன். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். கால் கப்பை எடுத்து ஒரு முறை சீனி அள்ளிப் போட்டாள், இன்னொரு முறை, மூன்றாவது முறை. கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

"ஆச்சி! மூணு கால்! மூணு கால்தான் முக்காலா!"

அடடா, அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வாழ்நாளெல்லாம் 'முக்கால்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம், அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை. சின்னவன் அதோடு விட்டானா? நேராக என் சந்துக்கு வந்து குனிந்து, நான் உட்கார்ந்திருந்ததன் அடியில் எண்ணினான். "அக்கா, அத்தைக்கும் மூணு கால்!"

அம்மாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. அவளுடைய அப்பாவுக்குப் பலசரக்குக் கடை இருந்தது; பின்னங்களெல்லாம் அவளுக்கு விரல் நுனியில். காலில் பாதி அரைக்கால், அதாவது எட்டில் ஒன்று. அதிலும் பாதி மாகாணி, பதினாறில் ஒன்று. இன்னும் கீழே இறங்கினால் 80இல் ஒன்றுக்குக் காணி, 320இல் ஒன்றுக்கு முந்திரி. "முந்திரியா? மக்ரூன்ல போடுற முந்திரியா?" என்று சின்னவன் வாயைத் திறந்துவிட்டான். இதற்கிடையில் நான் போனில் தட்டிப் பார்த்து, ஒரு கப்புக்கு 16 டேபிள்ஸ்பூன் என்று மெதுவாக உளறிவிட்டேன் (வாய் கட்டு தளர்ந்த முதல் இடம்). அப்படியென்றால் ஒரு டேபிள்ஸ்பூன் ஒரு மாகாணி! உடனே நிரூபித்தாக வேண்டும். ஒரு கப் தண்ணீர், ஒரு ஸ்பூன், சின்னவன் எண்ணிக்கை. முதல் முறை 17 வந்தது, அவன் பதின்மூன்றை விட்டுவிட்டுப் பதினான்குக்குத் தாவியதால். இரண்டாம் முறை 14 வந்தது, இரண்டு ஸ்பூன் அவன் டவுசரில் போனதால். மூன்றாம் முறை அக்கா எண்ண, தம்பி ஊற்ற, பதினாறு! கைதட்டல். கேக் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை, மணி மூன்றரை.

மைதாவை அளக்கும்போது இன்னொரு ரகசியம் வெளிவந்தது. மூத்தவள் கப்பை மாவுக்குள் விட்டு அமுக்கி அள்ளினாள். தம்பி ஸ்பூனால் கொட்டிக் கொட்டி நிரப்பினான். இரண்டும் ஒரே கப். அம்மா இரண்டையும் தராசில் வைக்கச் சொன்னாள். பூப்போல நிரப்பினால் ஒரு கப் மைதா 120 கிராமை ஒட்டி வரும். அமுக்கினால் 150 வரைகூடப் போகும். அந்த முப்பது கிராம்தான் கேக்குக்கும் செங்கல்லுக்கும் இடையில் இருக்கிற தூரம். "தலை தட்டி எடுக்கணும்" என்றாள் அம்மா, கத்தியின் முதுகால் மேலே ஒரு வழி வழித்துக் காட்டி. படியில் நெல் அளந்த காலத்துச் சொல் அது. 1896இல் பாஸ்டனில் ஃபானி ஃபார்மர் என்ற அம்மையார் தன் சமையல் புத்தகத்தில் இதையேதான் வற்புறுத்தினார். 'ஒரு கை, ஒரு பிடி' என்றிருந்த அமெரிக்கச் சமையலுக்குத் தலை தட்டிய கப்பையும் ஸ்பூனையும் பழக்கிவிட்டவர் அவர்.

சரி, தயிர். இங்கேதான் வீட்டில் சண்டை வெடித்தது. இரண்டு பேருக்கும் ஆளுக்கு அரை கப் தயிர், கண்ணெதிரே அளந்தாகிவிட்டது. சின்னவன் தன் பங்கை ஒல்லியான உயர டம்ளரில் ஊற்றினான். அக்கா அகலக் கிண்ணத்தில் ஊற்றினாள். "எனக்குத்தான் நிறைய!" என்று அவன் குதிக்க, அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "ஏல, ரெண்டும் ஒண்ணுதாம்ல." அவள் அவனுடைய டம்ளர் தயிரை இன்னொரு அகலக் கிண்ணத்துக்கு மாற்றிக் காட்டினாள். அவன் எட்டிப் பார்த்தான். முகம் வாடிவிட்டது.

"இப்பம் கொறஞ்சிட்டு."

நான் சந்துக்குள் துள்ளிக் குதித்தேன் என்றே சொல்ல வேண்டும். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜீன் பியாஜே குழந்தைகளுக்கு முன்னால் தண்ணீர்க் கோப்பைகளை வைத்துக் கண்டறிந்த புகழ்பெற்ற விஷயம், என் கண்ணுக்கு முன்னால், தூத்துக்குடித் தயிரில்! ஏறக்குறைய ஏழு வயதுக்கு முன் பிள்ளைகளுக்கு உயரம்தான் அளவு. ஏனம் மாறினாலும் உள்ளே இருப்பது மாறாது என்பது பிடிபட நாளாகும் என்றார் அவர். அக்காவுக்குப் பிடிபட்டுவிட்டது, தம்பிக்கு இன்னும் இல்லை. அவனைத் திருத்த வேண்டாம் என்று அம்மா சைகை காட்டினாள். டம்ளரையே அவன் கையில் கொடுத்துவிட்டாள், "உனக்கு எப்படி வேணுமோ மாத்தி மாத்தி ஊத்திப் பாரு." தயிரில் கால்வாசி பேப்பருக்குப் போனது. திருப்பி ஊற்றி ஊற்றிப் பார்ப்பதே பாடம் என்று நடத்தியவர்கள் உண்டு. 1907இல் ரோம் நகரத்தின் சான் லோரென்சோ என்ற ஏழைப் பகுதியில் மரியா மாண்டிசோரி தொடங்கிய பள்ளியில் பிள்ளைகள் நிஜப் பாத்திரங்களைப் புழங்கினார்கள்; கூஜாவிலிருந்து கூஜாவுக்கு ஊற்றிப் பழகுவது இன்றும் மாண்டிசோரிப் பள்ளிகளில் நடக்கிறது. அந்த அம்மாள் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தவர், உலகப் போரால் ஊர் திரும்ப முடியாமல் கொடைக்கானலில் தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார். மலையில் அவர் தயிரைச் சிந்தவிட்டாரா தெரியாது. இங்கே சிந்தியது. பூனை வந்து நக்கியது. கோலக்கோட்டைப் பூனை மட்டும் மதிக்கவில்லை.

இப்போது நெருங்கி வாருங்கள், இதுதான் உச்சக்கட்டம். தயிரில் சீனியைப் போட்டுக் கரைத்தாயிற்று. மூத்தவள் பேக்கிங் பவுடரையும் சோடாவையும் தூவி ஒரு கலக்குக் கலக்கினாள். ஒன்றும் இல்லை. பத்து வினாடி. பிறகு ஓரத்தில் ஒரு கொப்புளம், நடுவில் நான்கு, அப்புறம் பாத்திரம் முழுவதும் மூச்சு விடத் தொடங்கிவிட்டது. "உயிரோட இருக்கு! ஆச்சி, உயிரோட இருக்கு!" சின்னவன் காதை வைத்துக் கேட்டான். சிறுசிறு 'சிர்ர்' சத்தம் உண்மையாகவே கேட்கிறது.

"தயிர்ல புளிப்பு இருக்கு. சோடாவுக்குப் புளிப்பைக் கண்டாப் பொங்கிட்டு வரும்" என்றாள் அம்மா. அவ்வளவுதான் விளக்கம். நானாக இருந்தால் சோடியம் பைகார்பனேட், அமிலம், கார்பன் டை ஆக்சைடு, கோலி சோடாவில் மூக்கில் ஏறுவதும் இதே வாயுதான் என்று ஐந்து நிமிஷம் இழுத்திருப்பேன்; பிள்ளைகள் எழுந்து போயிருப்பார்கள். அம்மா நிறுத்திய இடத்திலிருந்து மூத்தவள் ஆரம்பித்தாள். வெறும் தண்ணீரில் ஒரு சிட்டிகை சோடா போட்டாள், பேசாமல் கரைந்தது. எலுமிச்சைச் சாற்றில் போட்டாள், சீறியது. சின்னவன் கண் அடுப்பு மேடையில் இருந்த மத்தியான ரசத்தின் மேல் விழுந்தது. நான் கையைக் கட்டியிருந்தேன், அதனால் என்னைக் குற்றம் சொல்லாதீர்கள். ரசம் நுரை கக்கிக்கொண்டு கிண்ணத்தைத் தாண்டி வழிந்தது. புளி, தக்காளி, இரண்டும் சேர்ந்தால் சும்மாவா! அன்று ராத்திரி எங்களுக்கு ரசம் இல்லை என்பதை மட்டும் பதிவு செய்துகொள்கிறேன்.

மைதா இறங்கியதும் அம்மாவின் குரல் முதல் முறையாக உயர்ந்தது. "போதும், போதும், கிண்டாதே!" மூத்தவளுக்குப் புரியவில்லை, நன்றாகச் செய்தால் நல்லது என்றுதானே பள்ளிக்கூடத்தில் சொல்கிறார்கள்? "பரோட்டாக் கடையில பாத்திருக்கல்லா? மாஸ்டர் மாவை அடிச்சு அடிச்சு, வீசி வீசி இழுப்பாருல்லா? அது இழுபடணும். இது இழுபடக் கூடாது." கோதுமை மாவில் தண்ணீர் பட்டுப் பிசையப் பிசைய குளூட்டன் என்கிற வலை பின்னிக்கொள்கிறது. பரோட்டாவுக்கு அந்த வலைதான் உயிர், கேக்குக்கு அது ரப்பர். ஒரே மைதா! மாவில் இரண்டு மூன்று கட்டி கிடந்தது, அப்படியே விட்டோம்.

கரண்டியை நக்கும் உரிமை? அதற்கு மாவு இறங்கும் முன்பே ஒரு முறை வாய்ப்புக் கொடுத்தாயிற்று. சோடாத் தயிரை விரலால் தொட்டு வாயில் வைத்த சின்னவன் காட்டிய முகச்சுளிப்பை விவரிக்க எனக்குத் தமிழ் போதாது. மாவு சேர்ந்த பிறகு நக்கக் கூடாது என்பதில் அம்மா கறார். பச்சை முட்டை ஆகாது என்பது எல்லோருக்கும் தெரியும். பச்சை மாவும் ஆகாது என்பது பலருக்குத் தெரியாது. கோதுமை வயலில் கிடந்து வருவது, அரைப்பதால் கிருமி சாவதில்லை; 2016இல் அமெரிக்காவில் ஈ.கோலை கிருமி கலந்த மைதாவால் பலர் நோயில் விழுந்து, மூட்டை மூட்டையாக மாவைத் திரும்பப் பெற்றார்கள். வெந்த பிறகு சட்டியோடு நக்கட்டும்.

எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. யாழ்ப்பாணத்துக்காரர்கள் ஓவனைப் போறணை என்பார்கள், போர்த்துக்கீசியன் விட்டுப்போன சொல். எங்கள் போறணை, அடி கனத்த ஐந்து லிட்டர் குக்கர். கேஸ்கட்டைக் கழற்றி, வெயிட்டை எடுத்து, அடியில் ஒரு டம்ளர் கல்லுப்பைப் பரப்பி, அதன் மேல் ஒரு வளையம். பத்து நிமிஷம் காய வேண்டும். இந்த வேலையெல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம், அம்மா மட்டும். பிள்ளைகள் இரண்டும் கோட்டின் இந்தப் பக்கம் வரிசையாகக் குந்தியிருக்கின்றன.

"ஆச்சி, இது எத்தனை விசில்?"

"விசிலே கிடையாது."

பெரிய அதிர்ச்சி! விசில் அடிக்காத குக்கரை அந்தப் பிள்ளை வாழ்க்கையில் பார்த்ததில்லை. சோறு, பருப்பு, கொண்டைக்கடலை, எல்லாமே விசில்தானே? தண்ணீர் இருந்தால்தான் ஆவி, ஆவியை அடைத்தால்தான் விசில் என்று பேச்சு போனது. அடைத்த ஆவியில் குக்கர் 120 டிகிரியைத்தான் தொடும். பருப்பு மசிய அது போதும். கேக்கின் தோல் சிவக்க அது போதாது, உலர்ந்த சூடு வேண்டும். அதனால்தான் இன்று தண்ணீரும் இல்லை, அடைப்பும் இல்லை.

சிறு தீயில் நாற்பது நிமிஷம். அதற்குள் முட்டைக் கதையைச் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடிப் பிள்ளைக்குப் பேக்கிங் என்றால் முதலில் மக்ரூன்தான். முட்டை வெள்ளை, சீனி, முந்திரி, மூன்றே பொருள். பேப்பர் கூம்பில் வாங்கி வாயில் போட்டால் கரைந்து காணாமல் போகும். போன மாதம் இவர்கள் அதை வீட்டில் முயன்றார்கள். வெள்ளையை அடித்து அடித்துப் பஞ்சுபோல் எழுப்ப வேண்டும். எழும்பியதா என்று பார்க்க ஒரு பரீட்சை உண்டு: கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழக் கூடாது. மூத்தவள் அந்தப் பரீட்சையைத் தம்பியின் தலைக்கு மேல் வைத்து நடத்தினாள். மஞ்சள் கரு ஒரு துளி கலந்திருந்தது யாருக்கும் தெரியாது. மஞ்சளில் கொழுப்பு இருக்கிறது, கொழுப்பு நுரையை எழும்பவே விடாது. மூன்று முறை தலைக்கு ஊற்றியும் வாடை போகவில்லை. அன்றிலிருந்து சின்னவன் முட்டைக்குத் தடை விதித்துவிட்டான்.

நாற்பது நிமிஷத்தை எப்படிக் கழிப்பது? பாத்திரம் கழுவி. மூத்தவள் வெந்நீர் ஊற்றினாள், பாத்திரத்தில் ஒட்டியிருந்த மாவெல்லாம் பசையாகிவிட்டது. வெந்நீரில் மாவு வெந்துவிடும், பச்சைத் தண்ணீரில் ஊறவைத்தால் கழன்றுவிடும். சினிமாப் போஸ்டரை மைதாப் பசையில்தான் ஒட்டுவார்கள் என்று என் வாய் இரண்டாவது முறை தவறியது. இப்போது அடுக்களைக் கதவில் போன வாரப் பேப்பரின் விளையாட்டுப் பக்கம் ஒட்டியிருக்கிறது. வருகிறமாதிரி தெரியவில்லை.

அப்போது அந்த மணம்! முதலில் வெனிலா, பிறகு ஏதோ சீனி காய்கிற வாசம், பிறகு பேக்கரி வாசலைத் தாண்டும்போது காலைப் பிடித்து நிறுத்துமே, அது. மாவின் புரதமும் சீனியும் சூட்டில் கூடிச் சிவப்பதில் வருவது. பிரெஞ்சு வேதியியலாளர் மையார் 1912இல் விளக்கியது. சின்னவனுக்கு மையாரும் தெரியாது, பொறுமையும் தெரியாது. அம்மா பின்கட்டில் துணி எடுக்கப் போன நேரம், பையன் பூனையின் வழியைப் பின்பற்றிவிட்டான். கோட்டைத் தாண்டி, துணியைப் பிடித்து, மூடியை ஒரு தூக்கு! நான் பாய்ந்து இடுப்போடு தூக்கிக்கொண்டேன். கை கட்டியிருப்பது என்ற விதிக்கு விலக்கு இது ஒன்றுதான். சூடு படவில்லை. ஆனால் உப்பியிருந்த கேக்கின் நடுவயிறு, எங்கள் கண்ணெதிரே, பெருமூச்சு விட்டதுபோல் உள்ளே போனது. மாவு இறுகும் முன்னே குளிர்ந்த காற்றுப் பட்டால் உள்ளிருக்கும் குமிழிகள் சுருங்கிவிடும். மணி பார்த்தேன், இருபது நிமிஷம்தான் ஆகியிருந்தது.

அம்மா வந்தாள், பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தோம். கோட்டைத் தாண்டியதற்குத் திட்டு கிடைத்தது, பலமாகவே. குழிக்குக் கிடைக்கவில்லை. "மூடு, வேகட்டும்" என்றாள்.

கேக் வெளியே வந்தபோது மேலே வெளிறி, நடுவில் ஒரு குளம். குக்கர் கேக்குக்கு மேல்தோல் சிவக்காது, சூடு கீழிருந்துதானே வருகிறது. கவிழ்த்துத் தட்டினாள் மூத்தவள். அடேயப்பா! அடிப்பக்கம் அரேபியப் பேரீச்சை நிறத்தில், சமமாக, பளபளவென்று. குழி அடியில் ஒளிந்துகொண்டது. போட்டோ எடுத்தோம். துபாயில் இருக்கும் அண்ணனுக்கு அனுப்பினோம். கடையில் வாங்கியதா என்று கேட்டான். நீங்கள் பார்த்து ஹார்ட் போட்ட அந்தக் கேக்குகளில் எத்தனை கவிழ்ந்து கிடந்தனவோ!

ஆனால் சின்னவன் அழுதுகொண்டிருந்தான். "என் குழியக் காணோம்." அவன் போட்ட குழி, அவனுக்கு வேண்டும். மறுபடி நிமிர்த்தினோம். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் நான்கை அவனே சின்ன உரலில் போட்டு நொறுக்கி, குழி நிரம்பக் கொட்டி, தலை தட்டினான். கத்தியின் முதுகால், ஒரே வழி.

எல்லோரும் தின்றுகொண்டிருந்தபோது அவன் தட்டையே பார்த்துக்கொண்டு கேட்டான், "ஆச்சி, இன்னும் சீக்கிரம் தொறந்தா இன்னும் பெரிய குழி விழுமா?"

அம்மா பதில் சொல்லவில்லை. எழுந்துபோய் ஃபிரிட்ஜைத் திறந்து, நாளைக்குத் தயிர் தோய்க்க உறைமோர் இருக்கிறதா என்று பார்த்தாள்.